பினாங்குக்குப் பறப்பதா, காரில் போவதா?

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போவதாகத் திட்டம். சனி முதல் செவ்வாய் வரை நாலு நாள் கையில் இருக்கிறது. வீட்டில் ஒன்பது மாதக் கைக்குழந்தை, ஐந்து வயதுப் பையன், கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று வாரமாகத் தங்கியிருக்கும் மாமியார். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு, தினமும் இன்சுலின் ஊசி. இனி அவர் எழுத்திலேயே கேளுங்கள்:

"எங்க வீட்டுக்காரர் கார்லயே போயிடலாம்கறார். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு வந்து, சாப்பிட்டுட்டு ராத்திரி பதினோரு மணிக்குக் கிளம்பினா ரோடு காலியா இருக்கும், குழந்தைங்க தூங்கிடும், காலையில பினாங்குல போய் இட்லி சாப்பிடலாம்னு சொல்றார். அத்தையோ, 'ப்ளேன்ல ஒன்றரை மணி நேரம்தானேப்பா, எதுக்கு இந்த அலைச்சல்?'ங்கறாங்க. ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு என் முகத்தைப் பாக்கறாங்க. நீங்களே ஒரு வழி சொல்லுங்கம்மா."

சொல்கிறேன். ஆனால் ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஏனென்றால் வீட்டுக்காரர் சொல்கிற கணக்கும் சரியில்லை, அத்தை சொல்கிற கணக்கும் சரியில்லை.

முதலில் அத்தையின் ஒன்றரை மணி நேரம். அது விமானம் ஆகாயத்தில் இருக்கிற நேரம் மட்டும்தான். வீட்டை விட்டுக் கிளம்பி விமான நிலையம் போய்ச் சேர முக்கால் மணி. அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். இறங்கின பிறகு பாஸ்போர்ட் வரிசை, பெட்டிக்காகக் காத்திருப்பது, தீவின் தெற்கேயுள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு டாக்ஸி. எல்லாம் கூட்டினால் வாசலிலிருந்து வாசலுக்கு ஐந்தரை, ஆறு மணி நேரம் ஆகிவிடும்.

இனி வீட்டுக்காரரின் கணக்கு. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர், அங்கிருந்து பினாங்கு இன்னொரு 350. ஆக, 700 கிலோமீட்டர். ரோடு அருமையான ரோடுதான். 1994-ல் முழுதாகத் திறந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, மணிக்கு 110 கிலோமீட்டர் வரை போகலாம். நம் ஊர் மாதிரியே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதும் ஒரு சௌகரியம். இருந்தாலும் சராசரி 90 என்று வைத்தால் எட்டு மணி நேரம் சக்கரம் உருள வேண்டும். கைக்குழந்தையும் வயதானவரும் இருந்தால் நிறுத்தங்களுக்கு இரண்டு மணி. அப்புறம் எல்லை. ஜொகூர் பாலம் 1924-ல் கட்டியது, நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்கத்தான் விடுமுறை நாட்களில் இரண்டு மணி, மூன்று மணி, அதற்கு மேலும் ஆகிறது. 1998-ல் திறந்த துவாஸ் இரண்டாவது பாலம் கொஞ்சம் தேவலை, ஆனால் விடுமுறைக் கூட்டம் அங்கேயும் உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி ரோடு காலியாக இருக்கும் என்கிறாரே, அதே யோசனை இன்னும் எத்தனை ஆயிரம் வீட்டுக்காரர்களுக்குத் தோன்றியிருக்கும்! ஆகவே கார் என்றால் பதினொன்று முதல் பதிமூன்று மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கிலும் இப்படித்தான். விமானத்துக்கு டிக்கெட் விலையோடு பெட்டிக் கட்டணம், மடியில் வைக்கும் குழந்தைக்குரிய கட்டணம், இரண்டு பக்கமும் டாக்ஸி, பினாங்கில் சுற்ற வண்டி இவற்றையும் சேர்க்க வேண்டும். காருக்குப் பெட்ரோலோடு சுங்கம், பினாங்குப் பாலச் சுங்கம், வழியில் தங்கினால் ஓட்டல் அறை. நாலு பேரும் ஒரு குழந்தையும் என்னும்போது பெரும்பாலும் கார்தான் மலிவாக முடியும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மலிவு எதை வைத்து வருகிறது என்று பாருங்கள். ஒரே ராத்திரியில், ஒரே மனிதர், தூங்காமல் ஓட்டுகிறார் என்பதை வைத்துத்தான் வருகிறது.

இங்கேதான் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப்போகிறேன். அவர் வெள்ளிக்கிழமை காலை எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? ஆறு மணி என்று வைப்போம். இரவு பதினொன்றுக்கு அவர் கண் விழித்து பதினேழு மணி நேரம் ஆகியிருக்கும். 1997-ல் ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களுடைய கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையது போல் மந்தமாகிவிட்டது. மலேசியாவில் 2020-ல் திருத்திய சட்டப்படி குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு வைத்த வரம்பும் அதே அளவுதான், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். அதாவது, ஒரு சொட்டுக் கூடத் தொடாத நல்ல மனிதர், குடித்தவர் நிலையில் வண்டியைக் கிளப்புகிறார். அதற்கு மேல் எட்டு மணி நேரம் ஓட்டவும் போகிறார். பின் சீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள், அத்தை தூங்குகிறார், நீங்களும் அசந்து போகிறீர்கள். விடியற்காலை இரண்டிலிருந்து ஆறு வரை எந்த உடம்பும் தூக்கத்தைத்தான் கேட்கும். அந்த நேரத்தில் ஓட்டுகிறவருக்கு மூன்று, நாலு விநாடி கண் செருகினாலே போதும். 110 கிலோமீட்டர் வேகத்தில் கார் அதற்குள் நூறு மீட்டர் போய்விடும்.

"எனக்குப் பழக்கம், காப்பி குடிச்சா சரியாயிடும்" என்பார். காப்பி அரை மணி கழித்துத்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத் தூக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிர, தூக்கத்தின் இடத்தை நிரப்பாது. ஜன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் அதைக்காட்டிலும் அல்பம்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள், தெரிகிறது. "உங்களுக்கு ஓட்டத் தெரியாது" என்கிற மாதிரி பட்டுவிட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். "குழந்தையை வெச்சுண்டு ராத்திரி எனக்குப் பயமா இருக்கு, விடியற்காலையில நீங்க தூங்கி எழுந்தப்புறம் கிளம்பலாமே" என்று சொல்லிப் பாருங்கள். அத்தை கூட இருக்கிறாரே, அவர் வாயால் வந்தால் இன்னும் நல்லது. அம்மா சொல்லைத் தட்டமாட்டார்.

இனிக் கைக்குழந்தையைப் பார்ப்போம். விமானத்தில் குழந்தை அழுவதற்குப் பெரும்பாலும் காதுதான் காரணம். விமானம் இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுகிறது. காதுக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. குழந்தைகளுக்கு அது குறுகலானது, சட்டென்று திறக்காது. செவிப்பறை உள்ளே இழுபட்டு வலிக்கும். விழுங்கினால் அந்தக் குழாய் திறக்கும். ஆகவே இறங்க ஆரம்பிக்கிறது என்று அறிவித்ததும் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுங்கள். ஏறும்போதே கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டால் இறங்கும்போது குடிக்காது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பையனுக்கு உறிஞ்சுகுழல் போட்டுத் தண்ணீர் போதும். (சூயிங்கம் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சிங்கப்பூருக்குள் அதை இறக்குமதி செய்ய 1992-லிருந்து தடை என்பது அங்கே குடியிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!) குழந்தைக்குச் சளி பிடித்திருந்தாலோ காதில் சீழ் இருந்தாலோ, புறப்படுவதற்கு முன் டாக்டரிடம் காதைக் காட்டாமல் விமானம் ஏற வேண்டாம். தூங்குவதற்காகச் சளி மருந்து கொடுக்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. காரானாலும் சரி, விமானமானாலும் சரி, கூடவே கூடாது. அந்த மருந்து சின்னக் குழந்தைகளின் மூச்சையே பாதிக்கும்.

பால்மாவு, பால், குழந்தைச் சாப்பாடு இவற்றுக்கு 100 மில்லி கட்டுப்பாடு கிடையாது. பயணத்துக்குத் தேவையான அளவு எடுத்துப் போகலாம், சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும்.

காரில் குழந்தைக்குக் காது வலிக்காது, வாஸ்தவம். ஆனால் அங்கே வேறு கஷ்டம். குழந்தை அதற்குரிய இருக்கையில்தான் உட்கார வேண்டும். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்களுக்கு இது சட்டம், மலேசியாவிலும் 2020-லிருந்து சட்டம். உங்கள் பையனுக்கும் இது பொருந்தும். சட்டத்தை விடுங்கள், மடியில் இருக்கும் குழந்தையை மோதலின்போது எந்தத் தாயின் கையும் பிடித்து நிறுத்த முடியாது. ஒன்பது மாதக் குழந்தைக்கு இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும், காற்றுப்பை உள்ள முன் சீட்டில் வைக்கவே கூடாது. அதே சமயம், ஒரே நிலையில் வளைந்து கிடப்பது சிசுவுக்கு நல்லதல்ல. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துத் தரையில் ஒரு பாயை விரித்துக் காலை உதைக்க விடுங்கள். அழுகிறதே என்று ஓடுகிற வண்டியில் பட்டையைக் கழற்றிப் பால் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். வண்டி நின்ற பிறகு கொடுக்கலாம். அந்த நெடுஞ்சாலையில் ஓய்விடங்களுக்குக் குறைவில்லை. கழிப்பறை, சாப்பாட்டுக் கடை, பெட்ரோல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். கழிப்பறைக்கு அங்கே 'தண்டாஸ்' என்று எழுதியிருக்கும், அந்த ஒரு வார்த்தையை மட்டும் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், அவனே கண்டுபிடித்துச் சொல்வான்.

பையனுக்கு வாந்தி வருமா? இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் பயண வாந்தி அதிகம். கையில் போனோ படப்புத்தகமோ இருந்தால் சீக்கிரம் வரும், தூரத்தில் தெரிகிறதைப் பார்க்கச் சொன்னால் குறையும். புறப்படுமுன் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இரண்டு இட்லி, மிளகாய்ப்பொடி கூட வேண்டாம், கொஞ்சம் சர்க்கரை தொட்டுக்கொள்ளட்டும். போகிற வழியில் தாப்பாவில் திரும்பி கேமரன் மலைக்கும் ஏறிவிடலாம் என்று வீட்டுக்காரருக்கு ஆசை வரலாம். தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. இந்தத் தடவை வேண்டாம்.

கார்ப் பயணத்தில் கடிதத்தில் யாருமே கவனிக்காத ஒரு ஆள் இருக்கிறார். நீங்கள்தான்! அவர் ஓட்டுகிறார், அத்தை ஜன்னலோரம். நீங்கள் இரண்டு குழந்தைகளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் புட்டி, அந்தப் பக்கம் பிஸ்கட், நடுவில் ஈரத்துணி. முதல் நாளே எழுந்து கட்டுச்சோறு வேறு. பதிமூன்று மணி நேரம் அப்படிப் போனவருக்குப் பினாங்கு போய்ச் சேர்ந்ததும் 1923-லிருந்து ஓடும் மலை ரயிலையா பார்க்கத் தோன்றும்? படுக்கையைத்தான் பார்க்கத் தோன்றும். உங்களுக்கும் லைசென்ஸ் இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றி ஓட்டுங்கள், அவர் பின்னால் வந்து உட்காரட்டும். இன்சூரன்ஸில் உங்கள் பெயருக்கும் மலேசியாவுக்கும் பாதுகாப்பு உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தையைப் பற்றி. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலின் ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். இது விமான வியாதி என்று பெயர் வாங்கிவிட்டது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, கார், பஸ், ரயில் எதிலும் இந்த அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று சொல்கிறது. மொத்தத்தில் 6000 பேரில் ஒருவருக்கு வரக்கூடியதுதான், பயந்து சாக வேண்டாம். உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுவது, நிறுத்துகிற இடத்தில் ஐந்து நிமிஷம் நடப்பது, தண்ணீர் குடிப்பது போதும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவார், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது ஒரு பிடிவாதம். விடாதீர்கள். கணுக்காலிலோ ஆடுசதையிலோ ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும்.

இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட்டுவிடக் கூடாது, அங்கே உறைந்து போகலாம். கைப்பையில் டாக்டர் சீட்டோடு வையுங்கள். காரில் டிக்கியிலோ கண்ணாடிக்கு முன்னாலோ வைத்தால் வெயிலில் கெட்டுவிடும். ஊசி போட்டுக்கொண்டு எல்லை வரிசையில் மூன்று மணி நேரம் பட்டினியாக இருப்பதுதான் பெரிய ஆபத்து. அதனால் சாப்பாடு கையில் வந்த பிறகே ஊசி, கைப்பையில் எப்போதும் பிஸ்கட்டும் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும்.

இன்னொன்று, இது மருந்தைவிட அவசரம். அத்தை இந்தியப் பாஸ்போர்ட்காரர். அவருடைய சிங்கப்பூர் விசா ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா, எந்தத் தேதி வரை என்று இன்றே எடுத்துப் பாருங்கள். மலேசியாவுக்குள் போய்விட்டுத் திரும்புவதும் ஒரு புது நுழைவுதான். ஒருமுறை விசா என்றால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாளுக்கு விசா விலக்கு கொடுத்தது. நீங்கள் போகிற தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அவர்களுடைய மின் வருகை அட்டையைப் புறப்படுவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்பிவிடுங்கள். திரும்பும்போது சிங்கப்பூரின் வருகை அட்டையும் அவருக்கு வேண்டும். விமானமானாலும் காரானாலும் இது மாறாது.

காரில் போகிறவர்களுக்கு இன்னும் சில சில்லறை விஷயங்கள். சிங்கப்பூர் காரில் பெட்ரோல் முக்கால் தொட்டியாவது இல்லாவிட்டால் எல்லையில் திருப்பி அனுப்பி அபராதமும் போடலாம். மலேசிய வாகன நுழைவு அனுமதியை 2025 ஜூலை 1 முதல் கண்டிப்பாக்கிவிட்டார்கள், இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். அந்த ஊர் மலிவுப் பெட்ரோலான ராண் 95 வெளிநாட்டுக் கார்களுக்கு இல்லை, 97-தான் போட வேண்டும்.

ஆக, என் தீர்ப்பு என்ன? நாலு நாளுக்குப் பினாங்கு என்றால் விமானம். அத்தை சொன்னதுதான் சரி, அவர் சொன்ன காரணம் மட்டும் வேறு. ஆறு நாள் லீவு கிடைத்தால் காரிலேயே போங்கள், சந்தோஷமாகப் போங்கள். சனிக்கிழமை விடியற்காலை, நன்றாகத் தூங்கி எழுந்து கிளம்பி, கோலாலம்பூரில் ஒரு ராத்திரி. மறுநாள் காலை பத்துமலை முருகனைக் கீழேயிருந்தே கும்பிட்டுவிட்டு (272 படி அத்தைக்கு வேண்டாம்), மத்தியான வெயிலுக்கு முன் பாதி தூரம் தாண்டிவிடலாம். திரும்பும்போது ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ அதே மாதிரி ஒரு ராத்திரி. நாலு நாள்தான், கார்தான் என்று அவர் பிடிவாதமாக இருந்தால் ஊரை மாற்றுங்கள். மலாக்கா சுமார் 240 கிலோமீட்டர்தான். பினாங்கின் ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் யுனெஸ்கோ 2008-ல் ஒன்றாகத்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, ஆகவே குறைந்த ஊருக்குப் போனோம் என்கிற மனக்குறையும் வேண்டாம்.

இதே தபாலில் சென்னையிலிருந்து ஒரு தாயாரும் கேட்டிருக்கிறார். சிங்கப்பூரிலுள்ள மகளுக்கு ஐந்தாவது மாதம், மாப்பிள்ளை எங்கேயாவது அழைத்துப் போக நினைக்கிறார், விமானமா காரா என்று. சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பத்தில் இரண்டுமே கூடும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பிறகு டாக்டர் கடிதம் கேட்கும், 36 வாரத்துக்குப் பிறகு ஏற்றிக்கொள்ளாது. இரட்டை என்றால் இன்னும் முன்னதாகவே நிறுத்திவிடும். காரில் போனால் இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடையை ஒட்டிப் போக வேண்டும், தோள் பட்டை மார்புகளுக்கு நடுவே. பட்டையே வேண்டாம் என்று விட்டுவிடுவது தப்பு. இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்கட்டும். ரத்தப்போக்கோ, ரத்த அழுத்தமோ, முன்பு குறைப்பிரசவமோ இருந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட்டே வாங்க வேண்டாம். மற்றபடி, வளைகாப்புக்கு முன்னாலேயே போய் வந்துவிடச் சொல்லுங்கள்.